திரைக்குப் பின்னால் ஒரு குரல்

ஃபிரிட்ஸ் லாங் நெறிப்படுத்திய ‘டொக்டர் மபுசேயின் மரணசாசனம்’ (1933) என்னும் ஜேர்மன் திரைப்படத்தில், குற்றக் கும்பலொன்று திரைச்சீலைக்குப் பின்னிருந்து வரும் குரலுக்குப் பணிகிறது. குரலுக்குரியவனை எவரும் கண்டதில்லை. சிறை மீண்டு, வேலை கிடையாமையாற் கும்பலிற் சேர்ந்த கெண்ட், ஈற்றில் அத்திரையை விலக்குகிறான். அங்கே மனிதன் இல்லை. வெட்டியெடுத்த நிழலுருவும் ஒலிபெருக்கியுமே உள்ளன. பொலிஸ் அதிகாரி லோமன் கண்டறிவதும் மபுசேயை அன்று. மபுசே மனநோய் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறான். அவன் எழுதிக் குவித்த திட்டங்களுக்கு ஆட்பட்டு, கட்டளையிட்டவர் அவனுக்கு வைத்தியம் பார்த்த பேராசிரியர் பௌம். ஆள் மாறியும் அதிகாரம் மாறவில்லை.

1933 மார்ச்சில் தணிக்கையாளர் இப்படத்தைத் தடைசெய்தனர். நாசிகளின் சுலோகங்களையே குற்றவாளியின் வாயில் வைத்ததாக லாங் 1943 இல் கூறினார். இதனை முழுமையாக ஏற்பது கடினம். திரைக்கதையை எழுதிய அவர் மனைவி தெயா வொன் ஹார்பு நாசி ஆட்சியிலும் தொடர்ந்து படத்துறையிற் பணியாற்றியவர். எனினும், நெறியாளரின் நோக்கத்தினும் முக்கியமானது படம் காட்டும் பொறிமுறையே. உடலற்ற குரல் கேள்விக்கு இடந்தருவதில்லை. கேட்போர் பணியலாம், அன்றேல் அழியலாம். நாசி அரசின் மலிவுவிலை ‘மக்கள் வானொலி’ பேர்லினில் அறிமுகமானதும் அதே 1933 இன் ஓகஸ்டிலேயே.