பழைய கேஸ் முடிந்ததா, இன்னும் நிலுவையில் இருக்கிறதா? தெரிந்துகொள்வது எப்படி?

கல்லூரி நாட்களில் ஒரு போராட்டம். அல்லது ஹாஸ்டல் வாசலில் ஒரு கைகலப்பு. அல்லது ஊரில் நிலத் தகராறில் மொத்தக் குடும்பத்தின் மீதும் கொடுக்கப்பட்ட ஒரு புகார். ஸ்டேஷனில் பெயர், முகவரி எழுதிக்கொண்டு, இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு போன் இல்லை, கடிதம் இல்லை. 'அதான் முடிஞ்சு போச்சே' என்று விட்டாச்சு.

சில வருடங்கள் கழித்து பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ, ஆஃபர் லெட்டருக்குப் பிறகு வரும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனிலோ ஒரு கேள்வி நிற்கும்: 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?' எதை டிக் செய்வது?

குத்துமதிப்பாக 'இல்லை' போடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி. பாஸ்போர்ட் பெறுவதற்காகத் தெரிந்தே தகவலை மறைப்பது, பாஸ்போர்ட் சட்டத்தின் 12-வது பிரிவின்படி தனிக் குற்றம். வேலை விஷயத்தில், அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கு சின்னதாக இருந்தால் அதைப் பெரிதுபடுத்தாமல் விட வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் தெரிந்தே மறைத்தால், அந்த மறைப்பே வேலையைப் பறிக்கப் போதுமான காரணமாகலாம்.

ஸ்டேஷன் பெயில் என்றால் கேஸ் முடிந்ததா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். புகார் கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். வெறும் மனு ரசீது. அது வழக்கு இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் ஒரு 'குற்ற எண்' கிடைக்கும். விசாரணைக்குப் பிறகு போலீஸ் அதை ஆதாரமில்லை என்று முடித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பலாம், அல்லது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் குற்றப்பத்திரிகையை ஏற்று எண் கொடுத்த பிறகுதான் அது கோர்ட் கேஸ்.

சிக்கல் என்னவென்றால், இதற்கெல்லாம் மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். அதற்குள் நீங்கள் ரூம் மாறியிருப்பீர்கள், பெங்களூருக்கே போயிருப்பீர்கள். சம்மன் பழைய முகவரிக்குப் போய் 'ஆள் இல்லை' என்று திரும்பும். அடுத்து ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். அதுவும் திரும்பினால் என்.பி.டபிள்யூ., அதாவது ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட். எடுத்த எடுப்பிலேயே இதைப் பிறப்பிக்கக் கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. ஆனால் சம்மன் திரும்பிக்கொண்டே இருந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு வேறு வழியும் குறைவு.

வாரண்டுக்கு காலாவதி தேதி கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது போலீஸ் நிறைவேற்றும்வரை, அது உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 70(2), 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 72(2) இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் அதை நிறைவேற்றலாம். 'மூணு வருஷம் ஆச்சுன்னா கேஸ் செல்லாது' என்று நண்பர்கள் சொல்லும் கணக்கும் இங்கே உதவாது. அந்தக் காலவரம்பு வழக்கைக் கொண்டுவருவதற்குத்தான். கோர்ட்டுக்கு வந்துவிட்ட வழக்கு தானாகச் செத்துப்போகாது.

இன்னொரு பொறி, 'கூட இருந்தவங்க எல்லாரும் விடுதலை ஆயிட்டாங்களே' என்ற நிம்மதி. ஐந்து பேர் மீது வழக்கு, நான்கு பேர் ஆஜராகிறார்கள், ஒருவர் வரவில்லை என்றால், வராதவரின் வழக்கை மட்டும் தனியாகப் பிரித்து வேறு எண் கொடுப்பது கோர்ட் வழக்கம். நால்வர் விடுதலையாகிப் போனாலும் ஐந்தாமவரின் கேஸ் தனியே நிற்கும். ஆள் கிடைக்காமல் இழுக்கும் வழக்குகளை எல்.பி.சி., அதாவது நீண்டகால நிலுவை வழக்கு என்ற பதிவேட்டுக்கு மாற்றிவிடுவதும் உண்டு.

அரசு வாபஸ் வாங்கியதாக நியூஸில் வந்ததே?

ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளும் ஊரடங்கு மீறல் வழக்குகளும் வாபஸ் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கு, முதலமைச்சரின் அறிவிப்போடு முடிந்துவிடாது. அரசு வழக்கறிஞர் மனு போட வேண்டும், நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். தவிர, வன்முறை தொடர்பான வழக்குகள் அப்படியே சேர்த்துக்கொள்ளப்படவும் இல்லை. உங்கள் கேஸில் அந்த மனு போடப்பட்டதா என்பதை அந்தந்த கோர்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

சரி, போனிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு. இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசு தளமும் ஆப்பும் இலவசம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்வு செய்து பெயர், ஆண்டு கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வளாகமாகத்தான் தேட வேண்டும் என்பது பெரிய தலைவலி. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து தொடங்குங்கள். 'நிலுவை' மட்டும் பார்க்காமல் 'முடிந்தவை'யும் சேர்த்துத் தேடுங்கள்.

பெயரை நம்பித் தேடுவதில் நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், அப்பா பெயர் முழுசாக இருக்கலாம். கார்த்திக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எச் போட்டு ஒருவர் டைப் செய்திருப்பார், இன்னொருவர் போடாமல் விட்டிருப்பார். ஆதாரில் இருக்கும் ஸ்பெல்லிங்கை போலீஸ் ரைட்டர் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் குற்ற எண் கையில் இருந்தால் அதுவே உத்தமம்: எஃப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடும் வசதியில் காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்தால் போதும். எஃப்.ஐ.ஆர். நகலை தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையிலும் எடுக்கலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். மட்டும் பொதுவில் ஏற்றப்படாது.

வழக்கு கிடைத்தால் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 'நிலை' என்ற பகுதியைப் பாருங்கள். ஆஜர், சம்மன் என்று இருக்கிறதா, என்.பி.டபிள்யூ. என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எதுவும் கிடைக்கவில்லை என்றால்? 'கிடைக்கவில்லை' என்பது 'இல்லை' ஆகாது. கம்ப்யூட்டரில் ஏறாத பழைய கோப்புகள், தப்பாக ஏறிய பெயர்கள் எல்லாம் உண்டு. ஒரே பெயரில் வேறொருவரின் வழக்கு வந்து நிற்பதும் நடக்கும். அப்பா பெயர், ஊர், குற்ற எண் மூன்றையும் ஒப்பிடாமல் பதற வேண்டாம்.

நேரில் யார் போவது?

சந்தேகம் இருந்தால், 'ஸ்டேஷன்லயே போய்க் கேட்டுட்டு வந்துடலாம்' என்று நீங்களே கிளம்பாதீர்கள். வாரண்ட் நிலுவையில் இருந்தால் அங்கேயே கைது செய்ய போலீஸுக்கு அதிகாரம் உண்டு. முதலில் அந்த கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு வழக்கறிஞரை அனுப்புங்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு, எல்.பி.சி. பதிவேடு வரை பார்த்துச் சொல்ல அவரால் முடியும். கேஸ் முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பேப்பர்தான் உங்கள் பதில்.

வாரண்ட் இருப்பது உறுதியானால், அதைத் திரும்பப் பெறக் கோரும் 'ரீகால்' மனுவோடு வழக்கறிஞருடன் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். ஏன் வரவில்லை என்பதற்கு ஆதாரம் முக்கியம்: வீடு மாறிய வாடகை ஒப்பந்தம், வெளியூர் வேலைக் கடிதம், மருத்துவச் சீட்டு. தானாக வந்தவரை நீதிமன்றம் பார்க்கும் விதம் பெரும்பாலும் வேறுதான் என்றாலும், ரத்து செய்வதா, நிபந்தனை போடுவதா என்பது நீதிபதியின் முடிவு. ஃபீஸ் கட்ட வழியில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு.

இனி அந்தப் படிவம். கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'நீதிமன்றத்தில் நிலுவை' என்று கேட்பதும், 'எப்போதாவது எஃப்.ஐ.ஆர். பதிவானதா' என்று கேட்பதும் ஒன்றல்ல. வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பதைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தாலும் கதவு முழுசாக மூடிவிடாது: 1993-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, அந்த நீதிமன்றத்திடம் வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஒரு வருடத்துக்கு மட்டும் செல்லும். அதனால் மனுவிலேயே எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்டு, உத்தரவில் அதை எழுதி வாங்கச் சொல்லி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.