பழைய வாள்களில் ஊட்ஸ் உருக்கும் அடுக்கிணைப்பு உருக்கும்: வேறுபடுத்தி அறிதல்

முன்னுரை

பழைய வாளின் அலகில் நீரலை போன்ற கோலம் தென்படின் அதனை ‘டமாஸ்கஸ் உருக்கு’ எனக் குறிப்பது பெருவழக்கு. ஆயினும் இப்பெயர் தோற்றத்தால் ஒத்தும் ஆக்கத்தால் வேறுபட்டும் நிற்கும் இருவகை உருக்குகளைச் சுட்டுகிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின், வாளின் உலோகம் எங்கிருந்து வந்தது, எவ்வணிக வழியில் சென்றது என்பன பற்றிய முடிவுகளும் பிழைபடும். கோலத்தின் வடிவத்தைவிட அது தோன்றிய முறையே தக்க சான்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆக்கமுறை

ஊட்ஸ் என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சிறப்புற்றிருந்த மூசை உருக்கு. ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபாகக் கருதப்படும் இப்பெயர் 1795-இல் ஜார்ஜ் பியர்சன் எழுதிய ஆய்வுரையால் ஐரோப்பாவில் பரவியது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் கிடைத்த உலைகளும் மூசைகளும் இத்தொழிலோடு இணைத்துப் பேசப்படுகின்றன. இரும்பையும் கரிமம் தரும் தாவரப் பொருள்களையும் மூசையிலிட்டு மூடி உருக்குவர். உலோகம் முற்றும் உருகுவதால் கசடு மேலே மிதந்து பிரியும். கிடைக்கும் கட்டியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு கரிமம் இருக்கும். அதனை மிதமான வெப்பத்தில் பலமுறை காய்ச்சி அடிக்கும்போது சிமென்டைட் துகள்கள் வரிசைப்பட்டுக் கோலமாகின்றன. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு இருப்பதே இவ்வரிசைக்குக் காரணம் என வெர்ஹோவன், பென்ட்ரே முதலியோர் 1998-இல் விளக்கினர்.

அடுக்கிணைப்பு உருக்கில் தன்மை வேறுபட்ட இரும்புப் பட்டைகளை அடுக்கியும் முறுக்கியும் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவர். இங்கிலாந்தின் சட்டன் ஹூ வாளும் ஜாவாவின் கிரிஸ் குத்துவாள்களும் இவ்வகையின.

வேறுபடுத்தும் அடையாளங்கள்

மெருகிட்டு மென்அமிலம் தடவிய பரப்பை உருப்பெருக்கியால் நோக்கின், ஊட்ஸில் கரிய தளத்தின்மீது வெண்புள்ளிகள் திரண்ட வரிகள் காணப்படும். அவற்றின் விளிம்பு கூர்மையாக இராது. அடுக்கிணைப்பில் ஒவ்வோர் அடுக்கும் தெளிந்த எல்லையுடைய பட்டையாகத் தொடரும். இணைப்புக் கோட்டில் நீண்ட கசடுத் துணுக்குகளோ நுண்பிளவுகளோ தென்படலாம். அலகின் முதுகுப்புறத்தில் அடுக்குகளை எண்ணக்கூடுமாயின் அது அடுக்கிணைப்பே. மேற்பரப்பில் மட்டும் அமிலத்தால் வரைந்த போலிக் கோலமோ மெருகிட்டால் மறைந்துவிடும்; மீண்டும் அமிலம் தடவினும் தோன்றாது.

ஏணிக் கோலத்தை மட்டும் கொண்டு வகைப்படுத்தல் பொருந்தாது. அலகில் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிச் சமன்படுத்தினால் இருவகையிலும் அது தோன்றும். கோலம் இல்லாமையும் முடிந்த சான்றன்று. மிகைவெப்பத்தில் சிமென்டைட் கரைந்துவிடின் ஊட்ஸும் வெறுமையாகத் தோன்றும். எனினும் இச்சோதனைகள் பரப்பைச் சிறிதளவேனும் தேய்ப்பன. ஆதலின் அரும்பொருள்களில் அலகை வெட்டாது உள்ளமைப்பைக் காட்டும் நியூட்ரான் விளிம்பு விளைவு ஆய்வு ஏற்றது.

முடிவுரை

ஊட்ஸின் கோலம் ஒரே கட்டியின் அகத்திலிருந்து எழுவது. அடுக்கிணைப்பின் கோலம் பல துண்டுகளின் இணைப்பால் அமைவது. ஆகவே ‘டமாஸ்கஸ்’ என்னும் பொதுப்பெயரை விடுத்து, ஆக்கமுறையைச் சுட்டும் பெயரால் பதிவுசெய்வதே தென்னிந்திய உருக்கின் பரவலை உள்ளவாறு அறியத் துணைசெய்யும்.