சொம்பில் யாருடைய பெயர்?

தேக்காவில் பாத்திரக் கடையைக் கடக்கும்போதெல்லாம் பாட்டியின் நடை தானாகவே மெதுவாகிவிடும். அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் சொம்புகளில் ஒன்றை எடுப்பார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். விரலால் தட்டி ஓசை கேட்பார். பிறகு, “நம்ம வீட்டுச் சொம்பு மாதிரி வராது” என்று வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டுச் சொம்பு பித்தளை. கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்தது. கழுத்துக்குக் கீழே அவருடைய பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். புளி போட்டுத் துலக்கித் துலக்கி அதில் இரண்டு எழுத்துகள் மங்கிவிட்டன. இன்றும் எங்கள் வீவக வீட்டின் பூசை மாடத்தில் அதில்தான் தண்ணீர் வைக்கிறோம்.

கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு பற்றிய பாடம் ஒன்றை எடுத்தேன். ‘கலைப்பொருளா, புழங்குபொருளா?’ என்ற தலைப்பில் சிறிய கண்காட்சி. ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டும். சொம்பைக் கேட்டேன். “பத்திரமாத் திருப்பிக் கொண்டு வரணும்” என்று சொல்லித்தான் பாட்டி கொடுத்தார்.

சொம்பைப் பற்றித் தேடியபோது வியப்பு காத்திருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958ல் ஓர் அறிக்கை அளித்தனர். தாங்கள் கண்ட பொருள்களிலேயே ஆகச் சிறந்ததாக அவர்கள் பாராட்டியது சொம்பைத்தான். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எப்படி அமரும், சாய்த்தால் நீர் எப்படி விழும், தட்டினால் என்ன ஓசை வரும் என்றெல்லாம் அவர்கள் யோசித்திருந்தனர். தனி ஒருவர் வடிவமைத்ததன்று, பல தலைமுறைகள் சேர்ந்து செதுக்கியது என்பது அவர்கள் கருத்து. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானது.

பாட்டி கடையில் செய்யும் சோதனையும் இதுதானே!

மறுபக்கம், பாத்திரங்கள் கலையாகவும் மாறியிருக்கின்றன. பீகாரில் பிறந்த கலைஞர் சுபோத் குப்தா 2006ல் எவர்சில்வர் பாத்திரங்களைக் கோத்து மாபெரும் மண்டையோடு ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் ‘வெரி ஹங்ரி காட்’. அந்தப் பாத்திரங்களில் இனி யாரும் சமைக்கப்போவதில்லை. பசியைப் பற்றி யோசிக்க வைப்பதே அவற்றின் புதிய வேலை. அதற்கு வெகுகாலம் முன்பு, 1917ல், மார்செல் டுஷாம் ஆண்கள் கழிவறையில் பொருத்தும் பீங்கான் கலத்தில் ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார். அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. இன்று அதைக் குறிப்பிடாத நவீன கலை வரலாறே இல்லை எனலாம்.

நானும் சொம்பை வெள்ளைப் பீடத்தில் வைத்து, விளக்கு போட்டு, ‘தொடாதீர்கள்’ என்று அட்டை வைத்தேன். தினமும் பார்த்த பொருளின் கழுத்து வளைவை அன்றுதான் கவனித்தேன்.

சனிக்கிழமை பாட்டி வந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொம்பைக் கையில் எடுத்துவிட்டார். “வெறுஞ்சொம்பை இப்படியா வைப்பாங்க?” என்று என் போத்தல் தண்ணீரை ஊற்றி, பக்கத்தில் நின்ற என் சீனத் தோழியிடம் நீட்டினார். யாரும் சொல்லித்தராமலேயே அவள் விரல்கள் விளிம்புக்குக் கீழே சரியாகப் பொருந்தின. “இது என்ன, செய்தவர் பெயரா?” என்று கேட்டாள்.

இல்லை, புழங்கியவர் பெயர். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. டுஷாமின் கலத்தைக் கலையாக்கியதில் கையெழுத்துக்கும் பங்குண்டு. எங்கள் சொம்பில் அதைச் செய்தவரின் பெயர் எங்குமே இல்லை. நான் அட்டையை எடுத்துவிட்டேன்.

கண்காட்சி முடிந்ததும், பெயர் முழுதாக அழிவதற்குள் சொம்பைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடலாமா என்று பாட்டியிடம் கேட்டேன். “துலக்கினா பேரு மங்கும். துலக்காம வச்சா சொம்பே கறுத்துப் போகும்மா” என்றார்.

சொம்பு பூசை மாடத்துக்குத் திரும்பிவிட்டது. பெயரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஒரு படி மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுச் சமையலறையிலும் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று இருக்கலாம். எடுத்து, யாருடைய பெயர் என்று கேட்டுப் பாருங்கள்.