கடலடிச் சேற்றில் பனியுகக் கணக்கு

2009 ஜனவரியில் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பிய 'போலார்ஸ்டெர்ன்' என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் டன் கணக்கில் இரும்பு சல்பேட் ஏற்றப்பட்டிருந்தது. வேறொன்றுமில்லை, நிலக்கடலைச் செடி மஞ்சளித்தால் நம் விவசாயிகள் கரைத்துத் தெளிக்கிற அன்னபேதி உப்புதான். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃப்ரெட் வெகெனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'லோஹாஃபெக்ஸ்' பரிசோதனை அது. தெற்கு அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில் உப்பைக் கரைத்துவிட்டு, பாசி வளர்கிறதா, வளர்ந்தது கரியமில வாயுவோடு ஆழத்துக்குப் போகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பாசி வளர்ந்தது, ஆனால் எதிர்பார்த்த பாசி இல்லை. அந்த நீரில் சிலிக்கா பற்றாக்குறை. கண்ணாடி போன்ற ஓடு கட்டும் டயட்டம் பாசிகளால் தலையெடுக்க முடியவில்லை. முளைத்த மற்றவற்றைக் கோப்பிபாட் என்கிற நுண்ணிய ஓட்டுயிர்கள் மேய்ந்து தீர்த்தன. கடலாழத்துக்கு இறங்கிய கார்பன் சொற்பம். இதே கப்பல் 2004-ல் சிலிக்கா நிறைந்த நீர்ச்சுழல் ஒன்றில் நடத்திய 'ஐஃபெக்ஸ்' சோதனையிலோ டயட்டம் கொழித்து, அதில் பாதிக்குக் குறையாமல் 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கியது. தென் பெருங்கடலில் இரண்டு முறை ஒரே உரத்தைப் போட்டு, இரண்டு வேறு விடைகள் கிடைத்தன.

இந்த உர யோசனையின் மூலவர் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடலாய்வுக் கூடத்தின் இயக்குநர் ஜான் மார்ட்டின். பாதி டேங்கர் இரும்பு கொடுத்தால் ஒரு பனியுகத்தையே வரவழைத்துக் காட்டுகிறேன் என்று 1988-ல் அவர் பாதி வேடிக்கையாகச் சொன்னது கடலியல் வட்டாரத்தில் பிரசித்தம். அண்டார்டிகாவைச் சுற்றிய நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளம். இரும்பு மட்டும் இல்லை. பனியுகத்தில் வறண்ட நிலங்களிலிருந்து காற்று அள்ளி வந்த தூசி அந்த இரும்பைத் தந்தது, பாசி பெருகியது, அதனால் வளிமண்டலக் கரியமிலம் குறைந்தது என்பது அவர் வாதம். முதல் கடற்சோதனை 1993-ன் பிற்பகுதியில் நடந்தது. அதைப் பார்க்காமலே சில மாதங்களுக்கு முன் அவர் காலமானார்.

கப்பலில் போய் உப்பைக் கரைத்தால் சில வாரத்துப் பதில்தான் கிடைக்கும். பனியுகத்துக் கேள்விக்குப் பனியுகத்துப் பதில் வேண்டுமென்றால் கடலின் அடிச்சேற்றைத்தான் கிளற வேண்டும்.

அந்தச் சேறு விஞ்ஞானத்துக்குப் புதிதல்ல. 1874 பிப்ரவரியில் அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டிய முதல் நீராவிக் கப்பலான பிரிட்டனின் 'சேலஞ்சர்', தென்கடலின் அடியிலிருந்து வெளிர் நிறச் சேற்றை அள்ளிவந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது மண்ணே அல்ல, டயட்டம் ஓடுகளின் குவியல். மேலே வெயில்படும் நீரில் வாழ்ந்த பாசி செத்தோ, தின்ற உயிரின் எச்சத்தில் கட்டுண்டோ மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் இறங்கிப் படிகிறது. உடலின் கார்பன் வழியிலேயே பெரும்பாலும் கரைந்துபோய், நூற்றில் ஒரு பங்குகூட மண்ணில் சேராது. ஓட்டின் சிலிக்காவுக்குக் கொஞ்சம் ஆயுசு அதிகம். 'உயிர் ஓபல்' என்று பெயர்பெற்ற இந்தச் சிலிக்காதான் அண்டார்டிகாவைச் சுற்றி ஒரு வளையமாகப் படிந்து கிடக்கிறது.

அதை அளப்பது ஒன்றும் பிரமாத வித்தை இல்லை. துளையிட்டு எடுத்த மண் உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பாதுகாப்புக்கு, மறு பாதி வேலைக்கு. வேலைப் பாதியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை உலர்த்திப் பொடித்து, ஹைட்ரஜன் பெராக்சைடிலும் அமிலத்திலும் கழுவி, 85 டிகிரி சூட்டில் சோடியம் கார்பனேட் கரைசலில் ஐந்து மணி நேரம் ஊறவைப்பார்கள். டயட்டம் ஓடு கரைந்துவிடும், களிமண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கரைசலில் மாலிப்டேட் சேர்த்தால் நீலம் ஏறும். எவ்வளவு நீலமோ அவ்வளவு சிலிக்கா. உருளை நெடுகச் சில சென்டிமீட்டருக்கு ஒரு தரம் இதையே செய்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் ஒரு கோடாக வந்து நிற்கும்.

அந்தக் கோட்டை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம். தென் பெருங்கடலின் அடிநீரோட்டம் சும்மா இருப்பதில்லை; ஓரிடத்துச் சேற்றை வாரி இன்னோரிடத்துப் பள்ளத்தில் கொட்டும். கனமான படிவைப் பார்த்து "இங்கே பாசி அமோகம்" என்று ஒருகாலத்தில் எழுதிய பல கணக்குகள் பின்னால் குறைக்கப்பட்டன. அந்தத் திருத்தத்தைச் செய்ய உதவியது தோரியம்-230. கடல்நீரில் கரைந்த யுரேனியம் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அது சிதைந்து தோரியம் பிறக்கிறது. தோரியத்துக்கு நீரில் தங்கும் குணம் இல்லை. அகப்பட்ட துகளில் ஒட்டி இறங்கிவிடும். ஆகவே நீரின் ஆழம் தெரிந்தால், ஆயிரம் வருஷத்தில் அவ்விடத்தில் எவ்வளவு தோரியம் விழுந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சேற்றில் அதற்கு மேல் இருந்தால், மிச்சம் பக்கத்திலிருந்து அடித்துவந்த சரக்கு.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. இரும்புப் பஞ்சத்தில் வளரும் டயட்டம், உடலின் அளவுக்கு மிஞ்சித் தடித்த ஓடு கட்டும். தென்கடல் சேற்றில் மலிந்து கிடக்கும் ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் என்ற இனம் இதற்கு நல்ல சாட்சி: கவசம் போன்ற ஓடு, மேய்கிறவைக்கு லேசில் கடிபடாது. அதன் சிலிக்கா கீழே போய்விடும், கார்பனோ பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். ஓபல் நிறைய இருந்தது என்பதை மட்டும் வைத்துக் கார்பன் நிறையப் புதைந்தது என்று சொல்லும் எந்தக் கட்டுரையையும் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆய்வாளர்கள் ஓபலோடு பேரியம், பாசியின் கொழுப்பு எச்சங்கள், நுண்ணுயிர் ஓடுகளுக்குள் சிக்கிய நைட்ரஜனின் ஐசோடோப்பு என்று நாலைந்து சாட்சிகளை ஒருசேர விசாரிப்பது இதனால்தான்.

அப்படி விசாரித்ததில் மார்ட்டின் பாதி ஜெயித்தார். 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற துளைக்கப்பல் 1997-98 பயணத்தில் ஆப்பிரிக்க முனைக்குத் தென்மேற்கே 1090, 1094 என்று எண்ணிட்ட இரண்டு இடங்களில் மண் எடுத்தது. வடக்கே இருக்கும் 1090-ல், பனியுகம்தோறும் தூசியின் இரும்பு ஏறுகிறது, கூடவே பாசி உற்பத்தியும் ஏறுகிறது. பாசி லேசான நைட்ரஜனையே விரும்பி எடுக்கும். தட்டுப்பாடு வந்தால்தான் கனமானதையும் விடாமல் எடுக்கும். 2014-ல் வெளியான ஆய்வில், தூசி மிகுந்த காலத்து ஓடுகளில் கனமான நைட்ரஜன் கூடியிருப்பது தெரிந்தது. அதாவது நைட்ரேட் மிச்சம் வைக்காமல் உண்ணப்பட்டிருக்கிறது.

துருவ நீரின் எல்லைக்குத் தெற்கே இருக்கும் 1094-ல் கதை தலைகீழ். பனியுகத்தில் அங்கே ஓபல் சரிந்து கிடக்கிறது. பனியுகம் முடியும் தறுவாயில் எகிறுகிறது. ஆழ்நீர் மேலே கிளம்பி வந்ததால் உணவு கிடைத்துப் பாசி கொழித்தது; ஆனால் அதே ஆழ்நீர் தன்னிடம் தேக்கிவைத்திருந்த கரியமில வாயுவையும் வெளியே விட்டது. பாசி அமோகமாக இருந்த காலமே காற்றில் கரியமிலம் உயர்ந்த காலமாகவும் இருந்தது! பனியுகத்துக்கும் அடுத்த வெப்ப காலத்துக்கும் இடையிலான 80 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வித்தியாசத்தில், இரும்புத் தூசியின் பங்கு அதிகபட்சம் 40 பிபிஎம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மீதியைக் கடல் சுழற்சியிலும் கடல்பனியிலும் தேட வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 2004-ல் 'சாகர் கன்யா' என்ற ஆய்வுக் கப்பல் தென் பெருங்கடலுக்கு நம் நாட்டின் முதல் பயணமாகப் போய், இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் சேற்று உருளைகளை எடுத்துவந்தது. அட்லாண்டிக் பக்கம் போல இந்தப் பக்கத்தை அதிகம் பேர் தோண்டவில்லை. கோவாவின் வாஸ்கோவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அந்த உருளைகளைக் கொண்டு, துருவ நீரின் எல்லைகள் எப்போதெல்லாம் நகர்ந்தன, பாசி உற்பத்தி கூடவே எப்படி இடம் மாறியது என்று ஆராய்ந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நூற்றாண்டுகளைக் குழைத்துப் பேசும் சேறு. வருஷ வாரியாகப் பேசும் சேறும் உண்டு. 2010-ல் கிழக்கு அண்டார்டிகாவின் அடெலி கடற்கரைக்கு அப்பால் துளையிட்ட யு1357 என்ற இடத்தில், சுமார் 170 மீட்டர் தடிமனுக்குப் பச்சை கலந்த டயட்டம் சேறு. அத்தனையும் வெறும் 11,400 ஆண்டுகளில் படிந்தது. நடுக்கடலில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் படிந்தாலே பெரிது. இங்கே ஓர் ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். வெளிறிய பட்டை பாசி பொங்கியதன் அடையாளம். அடுத்தடுத்த பட்டைகளை மருத்துவமனை சி.டி. ஸ்கேன் முறையிலேயே படமெடுத்து எண்ணினார்கள்.

ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே ஆண்டுக்கு ஒன்று, அல்லது இரண்டாண்டுக்கு ஒன்று என்று பாசிப் பொங்கல் நடந்திருக்கிறது. பிறகு கரையோரக் கடல்பனி இறுகியது. பொங்கல் இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போனது. கோடையில் பனி உடைவது நிச்சயமில்லாமல் போனதும், சில ஆண்டுக்கொரு முறை மாறும் பருவநிலைச் சுழற்சிகளின் தயவில் பாசி வாழ வேண்டியதாயிற்று என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கிரில் இறாலும் பெங்குயினும் திமிங்கலமும் இந்தப் பொங்கலை நம்பிய உணவுச் சங்கிலியில்தான் இருக்கின்றன.

2023 செப்டம்பரில் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனியின் உச்சப் பரப்பு 1.7 கோடி சதுர கி.மீ.க்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. 1979-ல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவில் இவ்வளவு குறைந்ததில்லை. பனி விலகினால் பழையபடி ஆண்டுதோறும் பாசி பொங்குமா என்ற கேள்விக்கு யு1357 உருளை ஒரு துப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பட்டைகள் படிந்த காலம் நெடுக, தொழிற்புரட்சி வரும்வரை, காற்றின் கரியமிலம் 280 பிபிஎம் அளவை வெகுவாகத் தாண்டியதாகப் பனிப்பாளப் பதிவுகள் சொல்லவில்லை. இப்போது அது 420-ஐக் கடந்துவிட்டது.