யூஎஸ்பி மைனரை சொருகினால் பிட்காயின் கொட்டுமா? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

"லேப்டாப்ல சொருகி விட்டா போதும், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள காசு சேர்ந்திருக்கும்..." பென்டிரைவ் போல இருக்கும் குட்டி பிட்காயின் மைனிங் கருவிகளைப் பற்றி ரீல்ஸ்களில் இப்படித்தான் ஆசை காட்டுகிறார்கள். ஓசூர் சிப்காட், கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இது எளிதாகப் பிடித்துப்போகிற பேச்சு. அறையில் வைஃபை இருக்கிறது, லேப்டாப் சும்மா கிடக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வேண்டுமென்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை ஒரு பஸ் தூரம்தான்.

உண்மையில் இந்தக் கருவி என்ன செய்கிறது? அதை வீட்டில் எப்படி அமைப்பது? மாதம் எவ்வளவு வரும்? பார்க்கலாம்.

மைனிங் என்றால் என்ன?

பிட்காயினில் நடக்கும் பரிவர்த்தனைகள் சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு 'பிளாக்' ஆகக் கட்டப்பட்டு, பொதுக் கணக்குப் புத்தகத்தில் சேர்க்கப்படுகின்றன. அந்த பிளாக்கைச் சேர்க்கும் உரிமை யாருக்கு என்பதை ஒரு போட்டி முடிவு செய்கிறது. உலகம் முழுக்க உள்ள கருவிகள் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டே இருக்கும். குறுக்கு வழி எதுவும் கிடையாது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒருமுறை போட்டுப் பார்ப்பதுதான் ஒரு 'ஹாஷ்'.

முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. 2009-ல் தொடங்கியபோது ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் கிடைத்தது. சுமார் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு 3.125 பிட்காயின்தான். அதாவது உலகம் முழுமைக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் புதிதாக வருவது சுமார் 450 பிட்காயின்.

குட்டிக் கருவியின் பலம் எவ்வளவு?

2013-ல் 'பிளாக் எரப்டர்' என்ற யூஎஸ்பி மைனர் பிரபலமானது. விநாடிக்கு சுமார் 33 கோடி ஹாஷ் போடும். அப்போது போட்டியாளர்கள் குறைவு என்பதால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. பின்னர் வந்த 'கெக்கோசயின்ஸ் காம்பேக் எஃப்' போன்றவை விநாடிக்கு சுமார் 30,000 கோடி ஹாஷ், அதாவது 300 கிகாஹாஷ் அளவுக்குப் போகக்கூடியவை.

கேட்க பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க வேண்டும். உலகின் மொத்த பிட்காயின் மைனிங் பலம் 2025-ல் 1 ஜெட்டாஹாஷ் அளவைத் தொட்டது. விநாடிக்கு ஒரு கோடி கோடி கோடி ஹாஷ். அதில் நம் கருவியின் பங்கு சுமார் 333 கோடியில் ஒன்று.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?

ஒரு பிட்காயினை 10 கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளியின் பெயர் 'சடோஷி'. உலகின் ஒரு நாள் உற்பத்தியான 450 பிட்காயினை 333 கோடிப் பங்காகப் பிரித்தால், நம் கருவிக்கு வருவது சுமார் 13.5 சடோஷி. ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு சுமார் 1 ரூபாய் 8 காசு.

இப்போது கரண்ட் பில். கருவி 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரம் ஓடினால் 0.36 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2 ரூபாய் 88 காசு. அதை இயக்க 30 வாட் எடுக்கும் லேப்டாப்பும் நாள் முழுக்க ஓடினால் இன்னொரு 5 ரூபாய் 76 காசு. மொத்தத்தில் 8 ரூபாய் 64 காசு செலவழித்து 1 ரூபாய் சம்பாதிக்கிறோம்.

"100 யூனிட் ஃப்ரீதானே?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் பல வாடகை அறைகளில் ஓனரே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார். அந்த இடத்தில் சலுகை குடியிருப்பவருக்கு வந்து சேராது. எல்லை தாண்டி கர்நாடகாவில் அறை எடுத்தாலும் கதை பெரிதாக மாறாது. அங்கு 2023 ஜூலை முதல் 'கிருஹ ஜோதி' திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் முந்தைய ஆண்டின் சராசரி உபயோகத்தோடு 10 சதவீதம் வரைதான் கணக்கு. கூடுதலாக ஓட்டினால் அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

சரி, கரண்டே இலவசம் என்று வைத்துக்கொண்டாலும் 2 மாத வரவு 65 ரூபாய். கருவியை 10,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் போட்ட பணத்தை எடுக்க 25 ஆண்டுகள். அதற்குள் பரிசு பலமுறை பாதியாகியிருக்கும்.

பெரிய இயந்திரம் வாங்கினால்?

'ஆண்ட்மைனர் எஸ்21' போன்ற இயந்திரம் 200 டெராஹாஷ் பலம் கொண்டது. மேலே சொன்ன அதே கணக்கில் நாளைக்கு சுமார் 720 ரூபாய் வரும். ஆனால் அது 3,500 வாட் எடுக்கும். நாளைக்கு 84 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 672 ரூபாய் கரண்டுக்கே போய்விடும். உபயோகம் ஏற ஏற வீட்டு மின்கட்டண விகிதமும் ஏறும் என்பதால் நிஜத்தில் நஷ்டம்தான். சத்தமும் வெப்பமும் அறையில் மனிதர் படுக்க முடியாத அளவுக்கு இருக்கும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் அபராதக் கட்டணத்துக்கும் வாய்ப்புண்டு.

வீட்டில் அமைப்பது எப்படி?

அப்படியென்றால் யாரும் வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கு சிப், வோல்டேஜ், வெப்பம், நெட்வொர்க் எல்லாவற்றையும் கையில் வைத்துக் கற்றுக்கொள்ள நல்ல கருவி இது. அந்த நோக்கத்தில் வாங்குபவர்கள் செய்ய வேண்டியவை:

1. வாலட்: முதலில் சொந்தமாக ஒரு பிட்காயின் வாலட் உருவாக்க வேண்டும். அப்போது வரும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது.

2. பவர் ஹப்: சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் 2.5 வாட்தான் தரும். 15 வாட் கருவிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். தனி அடாப்டருடன் வரும் தரமான யூஎஸ்பி ஹப் கட்டாயம். மலிவான ஹப் சூடாகி உருகலாம்.

3. காற்று: கருவிக்கு எதிரே ஒரு சின்ன ஃபேன். மெத்தை, துணி, பேப்பர் அருகில் வேண்டாம். ஆள் இல்லாத அறையில் ஓடவிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போக வேண்டாம்.

4. மென்பொருள்: பெரும்பாலும் 'சிஜிமைனர்'. விண்டோஸில் 'ஜாடிக்' மூலம் டிரைவரை மாற்ற வேண்டியிருக்கும். கருவி தயாரிப்பாளர் காட்டும் இடத்திலிருந்து மட்டுமே டவுன்லோடு செய்ய வேண்டும். மைனிங் மென்பொருள் என்ற பெயரில் வைரஸ் பரப்புவது வழக்கமான வேலை.

5. பூல்: பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கு பிரித்துக்கொள்ளும் குழு இது. அதன் முகவரி, நமது வாலட் முகவரி இரண்டையும் மென்பொருளில் கொடுத்தால் வேலை தொடங்கும். பூல் குறைந்தபட்சம் 1 லட்சம் சடோஷி சேர்ந்தால்தான் பணம் அனுப்பும் என்று வைத்தால், நம் கருவிக்கு அதற்கே 20 ஆண்டுகள் ஆகும்.

6. தனியாக முயல்வது: பூல் இல்லாமல் 'சோலோ'வாகவும் ஓட்டலாம். அடித்தால் 3.125 பிட்காயினும் நமக்கே. ஆனால் இந்தக் கருவிக்கு அந்த வாய்ப்பு சராசரியாக சுமார் 63,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை. லாட்டரி என்பது சரியான பெயர்.

முக்கியமான ஒன்று: கம்பெனி கம்ப்யூட்டரில் இதைச் சொருகவே கூடாது. அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் கணினியையும் மின்சாரத்தையும் பயன்படுத்துவது வேலைக்கே உலை வைத்துவிடும்.

இது சட்டப்படி சரியா? வரி உண்டா?

இந்தியாவில் மைனிங்குக்குத் தடைச் சட்டம் இல்லை. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ல் ரத்து செய்தது. ஆனால் பிட்காயின் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. மைனிங்குக்கான கருவி, கட்டமைப்புச் செலவை அதில் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. கையில் நஷ்டம் இருந்தாலும் விற்கும் தொகைக்கு வரி வரலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

உண்மையான ஆபத்து எங்கே?

யூஎஸ்பி கருவியால் போவது சில ஆயிரம் ரூபாய். பெரிய பள்ளம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. "சின்ன கருவியில லாபம் இல்ல, எங்க மைனிங் பண்ணையில பணம் போடுங்க" என்று ஒருவர் வருவார்.

'எச்பிஇசட் டோக்கன்' செயலி வழக்கு இதற்கு உதாரணம். நாகாலாந்தின் கோஹிமா சைபர் கிரைம் போலீஸ் 2021-ல் பதிவு செய்த வழக்கின் அடிப்படையில் அமலாக்கத்துறை இதை விசாரித்தது. பிட்காயின் மைனிங் இயந்திரங்களின் பெயரைச் சொல்லி, 57,000 ரூபாய் போட்டால் 3 மாதங்களுக்குத் தினமும் 4,000 ரூபாய் என்று ஆசை காட்டினார்கள். ஒரே ஒரு முறை பணம் கொடுத்துவிட்டு மேலும் பணம் கேட்டார்கள் என்கிறது அமலாக்கத்துறை.

மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் இது ஏன் நடக்காது என்பது புரியும். 3,500 வாட் இயந்திரமே கரண்ட் செலவு போக நாளைக்கு 50 ரூபாய்தான் மிச்சம் வைக்கிறது. 4,000 ரூபாய் எங்கிருந்து வரும்? அடுத்து சேருபவரின் பணத்திலிருந்துதான்.

எனவே யாராவது மைனிங் என்று பேச்செடுத்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: ஹாஷ் பலம் எவ்வளவு? எத்தனை வாட்? யூனிட் என்ன விலை? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் வராவிட்டால் பணம் தர வேண்டாம். ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு.