வடமுனைக் கடல்வழிகளும் மலாக்கா நீரிணையும்

சுங்கை சோ தோட்டப்புறத்திலிருந்து மேற்கே சென்று, கோல சிலாங்கூரின் மெலாவாத்தி குன்றின்மீது நின்றால் மலாக்கா நீரிணை கண்ணிற்படும். 1784இல் டச்சுக்காரர் அக்குன்றின் கோட்டையைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். குறுகிய கடல்வழியொன்றை யார் ஆள்வது என்னும் வினா நமக்குப் புதிதன்று. வடமுனையில் நிகழும் வல்லரசுப் போட்டியை, பனி உருகுவதையும் எண்ணெய் வளத்தையும் மட்டும் கூறி மாணவர்க்கு விளக்குவது போதாது. அவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து.

சைபீரியக் கரையோர வடகடல்வழியிற் செல்லும் கப்பல்கள் முன்னிசைவு பெறவேண்டும் என்கிறது ரசியா. பனி மூடிய கடற்பகுதிகளில் மாசு தடுக்கும் அதிகாரத்தைக் கரையோர நாடுகளுக்கு அளிக்கும் 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 234ஆம் உறுப்பை அது சான்று காட்டுகிறது. அங்குள்ள நீரிணைகள் அனைத்துலகப் பயணத்திற்கு உரியவை என்பது அமெரிக்காவின் வாதம். நட்பு நாடாகிய கனடாவோடும் வடமேற்குக் கடல்வழி குறித்து அமெரிக்காவுக்கு இதே பிணக்கு உண்டு. 1985இல் 'போலார் சீ' என்னும் அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் கனடாவின் இசைவைக் கோராமலே அவ்வழியிற் சென்றது. 1988இல் ஏற்பட்ட உடன்பாடு, அத்தகைய கப்பல்கள் இசைவு பெற்றுச் செல்ல வகைசெய்தது. உரிமை யாருடையது என்பதை மட்டும் தீர்க்காமல் விட்டது.

இவ்வாதம் நம் நீரிணையிலும் எழுந்ததே. மலாக்கா நீரிணை அனைத்துலக நீரிணை அன்று, ஆயினும் தீங்கற்ற பயணத்திற்குத் தடையில்லை என மலேசியாவும் இந்தோனேசியாவும் 1971 நவம்பரில் அறிவித்தன. துறைமுக வாணிகத்தால் வாழும் சிங்கப்பூர் அந்நிலைப்பாட்டைக் குறித்துக்கொண்டதோடு நின்றது. பின்னர் 1982 உடன்படிக்கை, இத்தகைய நீரிணைகளில் தடையற்ற கடப்புரிமையை நிறுவியது.

வடமுனையில் இச்சிக்கலைப் பேசித் தீர்க்க அவை இல்லை. 1996இல் எட்டு நாடுகள் அமைத்த ஆர்க்டிக் மன்றம் இராணுவப் பாதுகாப்பைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே பிறந்தது. 2022இல் உக்ரேன் போர் மூண்டதும் ஏனைய எழுவரும் ரசியாவுடன் மன்றப் பணிகளை நிறுத்திவைத்தனர். 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் நேட்டோவில் இணைந்தபின், ரசியா நீங்கலான எழுவருமே ஒரே இராணுவக் கூட்டணியினர்.

சீனா 2018இல் தன்னை 'வடமுனைக்கு அண்மைய நாடு' என அறிவித்தது. மலாக்கா நீரிணையை நம்பியிருப்பது அந்நாட்டுக்கு நெடுநாளைய கவலை. எனினும் வடகடல்வழி விரைவில் நம் நீரிணையை வெறுமையாக்கும் என்பது மிகை. சிலாங்கூரின் செம்பனை எண்ணெய் ஐரோப்பா செல்ல அது சுற்றுவழியே. கிழக்காசியாவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் சரக்கே நம் கவனத்திற்குரியது. சிங்கப்பூர், இந்தியா, சீனா ஆகியவை 2013 முதல் ஆர்க்டிக் மன்றப் பார்வையாளர் நாடுகள். 2011இல் தென்முனை உடன்படிக்கையில் சேர்ந்த மலேசியா, வடமுனை மன்றத்தில் அவ்விடத்தைப் பெறவில்லை.