சுழல் கைத்துப்பாக்கிக்குரிய மருந்தும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி மேட்டில் ஆற்றுமுகத்தை நோக்கியவாறு பழைய பீரங்கிகள் கிடக்கின்றன. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இம்மேட்டைக் கைப்பற்றி, அல்திங்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதனை மீட்டார். 1871 ஜூலையில் ரினால்டோ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் இவ்விடத்தைச் சுட்டது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலான சுற்றுவட்டத் தோட்டங்களின் தமிழ்ப்பள்ளி மாணவர் இங்கு வரும்போது கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு: இதற்குள் இட்ட மருந்தும் இக்காலத் துப்பாக்கியின் மருந்தும் ஒன்றா? அல்ல என்பதே விடை. ஆனால் அவ்விடையைத் தமிழில் விளக்கப் புகும் ஆசிரியர் சொல் தட்டுப்பாட்டை உணர்வார். இரண்டையும் 'வெடிமருந்து' என்ற ஒரே சொல்லால் நாம் வழங்கி வருகிறோம்.

அச்சொல் பழமையும் அழகும் உடையதே. சீனமொழி இதனைத் 'தீ மருந்து' என்னும் பொருள்படக் குறிக்கிறது. மலாயில் 'உபாட் பெடில்' என்பது பழைய வழக்கு. 'உபாட்' என்றால் மருந்து. 'பெடில்' என்பது தமிழ் 'வெடில்' என்பதன் திரிபு எனக் கருதுவோர் உளர். ஆக, இந்நாட்டின் மூன்று மொழிகளும் உயிர்போக்கும் பொருளை மருந்து என்றே அழைத்திருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, கருவிகளின் பெயர்களைத் தமிழ் பெரும்பாலும் கடனாகவே பெற்றது. 'துப்பாக்கி' துருக்கி மொழி வழி வந்தது. 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்து வந்தது.

பீரங்கிக்குள் இட்டது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றின் கலவை அது. அதில் பெரும்பங்கு வெடியுப்பு. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக்கழிவாகவும் புகையாகவும் எஞ்சும். அக்கழிவு ஈரத்தை ஈர்க்கும். கோலசிலாங்கூர் போன்ற கடற்கரை ஈரக்காற்றில், சுட்டவுடன் கழுவாத குழாயை விரைவில் துரு பிடித்துவிடும். 1884இல் பிரான்சில் பால் வியேல் உருவாக்கிய புகையற்ற மருந்து முற்றிலும் வேறானது. அது கலவையன்று, நைட்ரோசெல்லுலோசால் ஆனது. நோபெல் 1887இல் அதனுடன் நைட்ரோகிளிசரினைச் சேர்த்தார். இவற்றை ஒற்றையடி மருந்து, இரட்டையடி மருந்து எனலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கருமருந்தைக் குவளையால் அளந்து இடுவது மரபு. அதே குவளையில் புகையற்ற மருந்தை நிரப்பிச் சுட்டால் துப்பாக்கி சிதறும். பிடித்த கையும் சிதறும். ஒரு கையேட்டைத் தமிழாக்குபவர் இரண்டையும் 'வெடிமருந்து' என்று எழுதிவிட்டால், அப்பிழையை அச்சுப்பிழையோடு ஒப்பிட இயலாது.

இனி, இலக்குச் சுடுதலுக்காகச் சுழல் கைத்துப்பாக்கியின் தோட்டாக்களை மீள்நிரப்புவோர் மருந்தை எவ்வாறு தேர்கின்றனர் என்று காண்போம். பன்னாட்டுப் போட்டிகளுள் 25 மீட்டர் மையத்தீ கைத்துப்பாக்கிப் பிரிவு ஒன்றுண்டு, 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான துளையளவுக்கே அங்கு இடம். தாளில் வட்டமாக வெட்டித் துளைக்கும் தட்டைமுனைக் குண்டு அதற்கு விரும்பப்படுகிறது. வேகம் இங்குத் தேவையன்று. ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் செல்வதே தேவை. குழாய் குட்டையானது, குண்டும் மென்விசையோடு செல்வது. ஆகவே விரைந்தெரியும் மருந்தே பொருந்தும். மெல்ல எரியும் மருந்து குண்டு வெளியேறும் முன் எரிந்து முடியாது. எரியாத துகள்கள் வெளியேற்றியின் அடியில் சிக்கி உருளையின் சுழற்சியைத் தடுப்பதும் உண்டு.

இங்கே ஒரு வரலாற்றுச் சிக்கல் குறுக்கிடுகிறது. இலக்குச் சுடுதலில் புகழ்பெற்ற .38 ஸ்பெஷல் தோட்டா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தால் கருமருந்துக்கென வகுக்கப்பட்டது. அதன் கூடு பெரியது. இன்றைய மருந்தோ சிறிதளவே போதும். எனவே கூட்டின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். இரண்டு தொல்லைகள் இதனால் விளைகின்றன. துப்பாக்கியைச் சாய்க்கும்போது மருந்து முன்னும் பின்னும் நகர்வதால் வேகம் மாறுபடும். அதைவிடப் பெரிது, கவனக்குறைவால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து இட்டாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது. ஆதலின் அனுபவமுள்ளோர் எடை குறைந்தும் பருமன் மிகுந்தும் உள்ள மருந்தை நாடுவர். அதனை இருமுறை இட்டால் கூடு வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அளவைத் தாமே ஊகித்தறிய முயலாமல், உற்பத்தியாளர் சோதித்து வெளியிட்ட அட்டவணையையே பின்பற்றுவர்.

அவ்வட்டவணையைப் படிக்கும்போதும் ஒரு சொற்குழப்பம் எழும். ஆங்கிலத்தில் 'கிரெய்ன்' என்பது எடையையும் குறிக்கும், மருந்தின் துகளையும் குறிக்கும். எடைக்குரியது தானியமணியிலிருந்து வந்த அளவு. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நம் முன்னோர் குன்றிமணியால் பொன் நிறுத்தது நினைவுக்கு வரும். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடைத்ததைத் தமிழால் எளிதில் பிரிக்க முடியும். எடைக்குக் 'கிரெய்ன்' என்றே வைத்துக்கொண்டு, துகளுக்குக் 'குருணை' எனலாம். துப்பாக்கியின் சிறு குண்டுகளை 'ரவை' என்று வழங்கிய மொழிக்குக் குருணை புதிதன்று. இரண்டும் அடுக்களையில் பிறந்தவை. மருந்தின் எரிவேகம் குருணையின் உருவைப் பெரிதும் பொறுத்தது: செதில் வடிவம், உருண்டை, குச்சி எனப் பலவாறு அதனை வார்க்கின்றனர். மேற்பூச்சினாலும் வேகத்தைத் தணிப்பர்.

அமெரிக்காவில் இம்மீள்நிரப்பல் வீட்டுப் பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உரிமமின்றி இவற்றைத் தொடவும் இடந்தரா. அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, தோட்டங்களில் துப்பாக்கி அன்றாடக் காட்சியாக இருந்தது. அதனைக் கண்ட முதியோரிடம் எஞ்சியிருக்கும் சொற்களைத் திரட்டுவது நம் துறைக்குரிய பணியே. அதுவரை, வகுப்பறையில் பீரங்கிக்குக் கருமருந்து என்றும் இக்காலத் தோட்டாவுக்குப் புகையற்ற மருந்து என்றும் பிரித்தே எழுதச் சொல்கிறோம். 'வெடிமருந்து' என்பதை இரண்டுக்கும் பொதுப்பெயராக மட்டும் நிறுத்தியிருக்கிறோம்.